ஏழாவது ரீலும் சாலமோன் அண்ணாச்சியும்

சாலமோன் அண்ணாச்சி இறந்துபோன செய்தி எனக்குப் போனில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய மனைவி கிரேஸ் மதினி பேசினார். "கொழுந்தனாரே, அவிய போயிட்டாவ. பல்லு தேய்ச்சுக்கிட்டே இருந்தாவ, அப்படியே உக்காந்துட்டாவ" என்றார். நான் "சரி மதினி" என்றேன். போனை வைத்துவிட்டு, கையிலிருந்த கேபிள் டிவி ஒயரின் நுனியைச் சீவி, பின்னை மாட்டி, முறுக்கி, இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது. பிறகுதான் எழுந்து சட்டை போட்டேன்.

நான் எப்படிப் பேசுகிறவன் என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அய்யனார் கோவில் அருவியில் குளித்துவிட்டு வந்தால்கூட, வழியில் படுத்திருந்த யானையை எழுப்பி ஓரமாகப் போகச் சொன்னதாகத்தான் சொல்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, வாய்க்கு முடிவில்லை. ஆனால் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் தெரிந்தவர்கள் மூன்று பேர் "எப்படிப்பா?" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும், "பல் தேய்த்துக்கொண்டிருந்தார், உட்கார்ந்துவிட்டார்" என்று மட்டும்தான் சொன்னேன். கூட்டிச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போடும்போது கையில் மண் இருப்பது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. இதோ இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் அப்படியே இருக்கிறது. அழுகை வரும் என்று இரண்டு மூன்று தடவை தனியாக உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு இடத்தை இத்தனை வருஷமாக நான் விட்டுவிட்டுச் சொல்லி வந்திருக்கிறேன். அதை இன்று விடப்போவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரில் நான் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். புரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சியின் நெருப்பை அரை நூல் பிசகாமல் பிடிக்கிற கை மதுரைக்குத் தெற்கே எனக்கு மட்டும்தான் இருந்தது. திரையில் சூரியன் வந்தால் முன்வரிசையில் இருப்பவன் சட்டையைக் கழற்றுவான், அப்படி ஒரு வெளிச்சம். சாலமோன் அண்ணாச்சி விளம்பர வண்டிக்காரர். இரண்டு பக்கமும் போஸ்டர் தட்டி கட்டிய வண்டியில், ஒலிபெருக்கிக் குழாயோடு, தெருத்தெருவாகப் போய்ப் படத்தின் கதையைப் பாதி சொல்லி, மீதிக்குத் தியேட்டருக்கு வரச்சொல்வார். ஆனால் காலைக்காட்சிக்கு இங்கிலீஷ் படம் வந்துவிட்டால் அவருக்கு இன்னொரு வேலை. கேபினில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சின்ன ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே, மைக்கில் தமிழில் கதை சொல்வார். இங்கிலீஷ் அவருக்கும் தெரியாது. அதனால் எந்த இடத்திலும் தடங்கல் வந்ததில்லை.

அடிதடிப் படத்துக்கு அவர் சும்மா சொல்வார். ராக்கெட்டும் வேறு கிரகமும் பேசுகிற இயந்திரமும் வந்தால்தான் மனுஷனுக்குச் சாமி வந்துவிடும். பிறப்பால் கிறிஸ்தவர்; ஞாயிறு ஆராதனை தப்பாது. ஆனால் ராக்கெட் கிளம்பினால் புஷ்பக விமானம் என்பார். வானத்திலிருந்து ஒளி இறங்கினால் சீனாய் மலை என்பார். குளிர்பெட்டியில் ஆளைப் படுக்கவைத்தால் கும்பகர்ணன் என்பார். தரை டிக்கெட்டில் இருக்கிற மில் தொழிலாளிகளுக்கு எல்லாம் விளங்கும். ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் அண்ணாச்சி, வெள்ளைக்காரன் அவம்பாட்டுக்கு விஞ்ஞானம்னு படம் எடுத்திருக்கான். நீரு ஏன் அதுல கொண்டுபோய் அரக்கனையும் தேவதூதனையும் ஏத்துதீரு?"

அவர் சிரிக்கவில்லை. "நான் எங்கலே ஏத்துதேன்? அது உள்ளேயேதான் இருக்கு. முன்னால மனுசனுக்குக் காட்டப் பாத்துப் பயம், அதனால அரக்கன் காட்டுல இருந்தான். இப்ப மில்லுக்குள்ள எட்டு மணி நேரம் நிக்கிறவனுக்கு அரக்கன் எப்படி இருப்பான்? மெசின் மாதிரித்தாம்லே இருப்பான். பயம் அதேதான். எங்கிருந்து வந்தோம், எங்க போவோம், செத்தவன் எங்க இருக்கான்னு கேக்குறதும் அதேதான். வாகனம்தான் மாறியிருக்கு" என்றார். புத்தகம் படித்தவர்கள் இதை எத்தனை பக்கத்தில் எழுதுவார்களோ தெரியாது. அவர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

என்னுடைய வாயைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. ஒருமுறை டீக்கடையில் நான் ஏதோ அளந்துகொண்டிருக்க, கேட்டவர்கள் கேலி செய்தார்கள். வெளியே வந்ததும் சொன்னார், "கூட்டிச் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லலே. கேக்கிறவன் கழிச்சுக்கிடுவான். குறைச்சு மட்டும் சொல்லீராத. குறைச்சதை எவனாலும் கூட்டிக்கிட முடியாது." அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். ஒரே பிரிண்டை ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரும் நாங்களும் பங்கிட்டு ஓட்டுவது வழக்கம். அங்கே ஒரு மணி நேரம் முன்னதாக ஆரம்பிப்பார்கள். ஓடி முடிந்த ரீல்களை அவ்வப்போது பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் வாங்கி மாட்டுவோம். படம் சிவப்பு மண் கிரகத்தில் நடக்கிற கதை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஊர். அந்த ஊரை ஆள்வது சுவருக்குள்ளிருந்து பேசுகிற ஒரு இயந்திரம். அதற்கு அண்ணாச்சி வைத்த பெயர் சுவத்துப் பூதம். பூதம் தண்ணீரை நிறுத்திவிடுகிறது. மெக்கானிக் ஒருவன், அண்ணாச்சி கணக்கில் அவன் பெயர் வெள்ளத்துரை, ஆழமான குழிக்குள் இறங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே செத்துப்போகிறான். அது எட்டாவது ரீல். அதற்கு முந்தின ஏழாவது ரீலில், அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான், கை கழுவுகிறான், பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பெரிதாக வேறொன்றும் நடக்காது.

ஆடிப்பூரம் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். ஏழாவது ரீல் வந்த பஸ் தேர்க்கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. தேர் நகர்ந்தால்தான் பஸ் நகரும். அங்கிருந்த ஆபரேட்டர் அதைக் கேள்விப்பட்டு, எட்டாவது ரீலை ஒரு மொபெட்காரரிடம் கொடுத்துச் சந்து வழியாக அனுப்பிவிட்டார். இங்கே ரீல் இல்லாமல் திரை இருண்டு கிடந்தது. ஜனம் நாற்காலியை உதைத்தது. எட்டாவது கைக்கு வந்ததும் மாட்டிவிட்டேன். வெள்ளத்துரை செத்தான். அது முடியப்போகும் நேரத்தில் ஏழாவது வந்து சேர்ந்தது.

எங்கள் மேனேஜர் கேபின் வாசலில் நின்று, "ஏமய்யா, அது வேண்டாம். ஒன்பதாவதும் வந்துட்டுல்ல, அதைப் போடு. யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்பப்புடாது மேனேஜர். ஏலே, ஏழாவதைப் போடு" என்றார்.

போட்டேன். செத்த வெள்ளத்துரை கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்தான். அண்ணாச்சி இரண்டு விநாடி பேசவில்லை. பிறகு, இதுவரை அவரிடம் நான் கேட்காத ஒரு மெதுவான குரலில் ஆரம்பித்தார். "வந்துட்டார். நம்ம வெள்ளத்துரை வந்துட்டார். ஊருக்குத் தண்ணி திறந்துவிட்டவனைக் குழிக்குள்ளயே வச்சுக்கிட பூமிக்குப் பலம் இல்ல தாயே. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு உத்தரவு வாங்கிட்டு வந்திருக்கார். பாருங்க, கை கழுவுறார். அந்தம்மா எதுவும் கேக்கல. எப்படி வந்தீருன்னு கேட்டா போயிருவார்னு அவளுக்குத் தெரியும். சோறு போடுறா. சாப்பிடட்டும். செத்த நேரம் நாமளும் பேசாம இருப்போம்."

தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர் எழுந்து, "வந்துட்டாம்லே!" என்று கத்தினார். மூவாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். (தியேட்டரில் இடம் அறுநூறு பேருக்கு. கழித்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள் தேர் இல்லை, பஸ் ஒழுங்காக வந்தது, படமும் ஒழுங்காக ஓடியது. காட்சி முடிந்ததும் ஒரு பெண் கேபினின் இரும்புப்படியில் பாதி ஏறி நின்றார். கூடவே ஆறு வயசுப் பெண்பிள்ளை. அவர் பெயர் பேச்சியம்மாள், மில்லில் நூல் சுற்றுகிற வேலை. மூன்று மாதம் முன்பு அவருடைய வீட்டுக்காரர் மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் சரிசெய்ய இறங்கி, உள்ளே இருந்த விஷக்காற்றில் போய்விட்டார். ஊருக்கே தெரிந்த செய்தி. அன்றிலிருந்து பேச்சியம்மாள் ஒரு பொட்டு அழவில்லை, அதை நினைத்துத்தான் வீட்டில் பயப்படுகிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

"நேத்து வந்தாவள்ல அண்ணாச்சி. இன்னிக்கு இவளையும் கூட்டியாந்தேன். ஏன் வரல அவிய?" என்று கேட்டார்.

நான் ரீல் கதையை விளக்க வாயெடுத்தேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார். "நாளைக்கு வருவாவம்மா. காலைக்காட்சிக்கே வாங்க" என்றார். அவர்கள் இறங்கிப் போனதும் என்னைப் பார்த்தார். "ஏலே, நாளைக்கு எட்டு முன்னால, ஏழு பின்னால."

"ரீலை மாத்துனா லைசென்சு போயிரும் அண்ணாச்சி. வீட்டுல அவ மாசமா இருக்கா."

"தெரியும். ஆனா அந்தப் புள்ளைட்ட வருவாவன்னு சொல்லிட்டேனே."

மாற்றினேன். அடுத்த நாள் பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளத்துரை கை கழுவுகிற இடத்தில் அழ ஆரம்பித்தவர் படம் முடிந்தும் நிறுத்தவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் யாரும் தேற்றவில்லை. அழவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு வாரத்துக்கு வந்த படம் மூன்று வாரம் ஓடியது. வ. புதுப்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். ஏழாவது ரீல் வரும்போது செருப்பைக் கழற்றினார்கள். சூடம் கொளுத்தியவரை மேனேஜர் வெளியே கூட்டிப்போய்ச் சூடத்தை அணைத்தார். வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அவர்கள் தியேட்டரில் போய்ச் சண்டை பிடித்தார்கள். "ராஜபாளையத்துல செத்தவன் வாரான். எங்க ஊர்ல மட்டும் ஏன்யா சாகவிட்டுட்டீரு?" என்று அந்த ஆபரேட்டரைக் கேட்டிருக்கிறார்கள். பாவம், அவர் சரியாகப் போட்டதற்கு வசவு வாங்கிய ஆள்.

அந்தச் சண்டைதான் விநியோகஸ்தர் ஆபீஸ் வரை போனது. அங்கிருந்து ரெப் ஒருவர், படத்தைச் சரிபார்க்கிற ஆள், சொல்லாமல் வந்து பால்கனியில் உட்கார்ந்தார். ஏழாவது ரீல் பாதியில் இருக்கும்போது படியேறி வந்தார். "எவன் மாத்துனது? யார் கை? எழுதிக் கொடுங்க" என்றார். அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து, "நாந்தான். ரீலை எடுத்து வச்சது நாந்தான். அவன் நான் கொடுத்ததை மாட்டுனான். அவ்வளவுதான்" என்றார். அன்றே அவருக்கு வேலை போனது. என் லைசென்ஸ் தப்பியது.

இதுவரை நான் எல்லோரிடமும் சொன்ன கதை. கல்யாண வீட்டில், டீக்கடையில், கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கப்போன வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். ரெப்பின் மீசையைக் கூட்டியிருக்கிறேன், சூடத்தை யாக குண்டமாக ஆக்கியிருக்கிறேன். விட்டது ஒன்று.

ரெப் வருவதற்கு முந்தின நாள் பேச்சியம்மாள் படியேறி வந்தார். பிள்ளை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "அண்ணாச்சி, போதும். இவ நேத்து அப்பா இனிமே வரமாட்டாங்கள்லன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். நல்லா அழுதா. பொறவு சாப்பிட்டா. நீங்க இனிமே சரியாவே போடுங்க" என்றார். அண்ணாச்சி பழத்தை வாங்கி மைக் பக்கத்தில் வைத்தார். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார், "கேட்டேல்ல. வேலை முடிஞ்சிருச்சு. நாளையில இருந்து வரிசையாப் போட்டிரு. இதுக்கு மேல போட்டா அது கதை இல்ல, ஏமாத்து."

நான் சரி என்றேன். மறுநாள் காலையில் வெளியே எட்டிப் பார்த்தேன். கூட்டம் ரோடு வரை நின்றது. இந்தக் கூட்டம் என் கைக்கு வந்த கூட்டம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு என் மைத்துனனும் மாமனார் வீட்டாரும் வேறு வந்திருந்தார்கள். எட்டை முன்னால் போட்டேன். ஏழைப் பின்னால் போட்டேன்.

குழிக்குள் வெள்ளத்துரை இறங்குவதைப் பார்த்ததுமே அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். மைக் கையில் இருந்தது. திரும்பிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், வந்துட்டார், நம்ம வெள்ளத்துரை வந்துட்டார் என்று சொல்ல ஆரம்பித்தார். ரெப் வந்து யார் கை என்று கேட்டபோது, அது என் கை. போடாதே என்று என்னிடம் சொன்ன அண்ணாச்சிதான், "நாந்தான்" என்று எழுந்தார். நான் கார்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். கார்பன் சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு அவர் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய், மைக் செட்காரர் ஒருவரிடம் அறிவிப்புச் சொல்கிற வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆலயத் திருவிழா. நல்ல குரல், ஆனால் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற வேலை. எத்தனையோ தடவை சந்தித்தோம். அன்றைய நாளைப் பற்றி அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. என் மூத்த பெண் பிறந்ததற்கு மதினியோடு வந்து, பிள்ளையைத் தூக்கி, "ஏட்டி, ஒங்க அப்பன் மாதிரி வாய் வச்சிராத" என்றுதான் சொன்னார்.

போன வருஷம் என் கேபிள் ஆபீசுக்கு வந்தார். சுவரெல்லாம் டிவி, இரண்டில் ராக்கெட் படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் எடுக்கான். ஆனா இப்ப வீட்டுக்கு வீடு தனித்தனியாப் பாக்கான். வந்துட்டாம்லேன்னு எந்திரிச்சுக் கத்த ஆள் வேணுமே" என்றார். பிறகு என் கையைத் தட்டி, "வரிசையாப் போடுதியாலே இப்பவாவது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்றைக்குத் தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் டிஷ் ஆன்டெனா ஆஸ்திரேலியா வரை பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண்பிள்ளை கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிறதாம், அதுவும் வந்திருந்தது. பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுகை வரலையா அண்ணே?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "வரும். அவசரப்படுத்தாதீங்க" என்றார். அவரிடம் அங்கேயே சொன்னேன், அன்றைக்கு மாற்றிப் போட்டது நான்தான் என்று. "தெரியுமே. அண்ணாச்சி சரியாப் போடச் சொன்னதை நான் படியில இறங்கும்போதே கேட்டேன்லா" என்றார். இத்தனை வருஷமும் அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணாச்சி என்னிடம் விட்டுப்போனது ஒரு பொருளும் இல்லை. மைக் தியேட்டர்காரருடையது, ஸ்டூலும் அவருடையதே. அந்த இரண்டு விநாடி மௌனம் என்னிடம் இருக்கிறது. குறைத்துச் சொல்லாதே என்ற சொல் இருக்கிறது; அதை இன்றைக்குத்தான் கைக்கொண்டேன். அப்புறம் இந்த ஒன்று. அவர் போன செய்தியை, எட்டாவது ரீலைப் போல, முதலில் எழுதிவிட்டேன், அதனால் இதைக் கடைசியில் வைக்கிறேன். காலைக்காட்சிக்கு மணி அடித்தாயிற்று. இரும்புப்படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி உள்ளே வருகிறார். மூலையில் இருக்கிற பானையில் மொண்டு கை கழுவுகிறார், வேட்டியில் துடைக்கிறார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். மைக்கை நகத்தால் மூன்று தடவை தட்டுகிறார். எப்படி வந்தீர் என்று நான் கேட்கவில்லை.

"போடுலே" என்கிறார்.